‘காமர்ஸ் குரூப்பா?’

ப்ளஸ் ஒன் சேர்ந்த முதல் வாரத்திலேயே முத்திரை குத்தியாகிவிடும். பயோ மேத்ஸ் என்றால் கெட்டிக்காரர். காமர்ஸ் என்றால் மார்க் இல்லாமல் ஒதுங்கியவர். தொழிற்கல்வி என்றால் பேச்சே கிடையாது. இருப்புநிலைக் குறிப்பில் இரண்டு பக்கமும் சேராமல் 10 ரூபாய் உதைக்கும்போது உட்கார்ந்து தேடியவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள்.

அந்த முத்திரை பதம் பார்ப்பது விடைத்தாளில்தான். பெயரும் செக்‌ஷனும் தெரிந்தால், அரைகுறை விடைக்கும் ‘நல்லா படிக்கிற புள்ள, அவசரத்துல விட்டிருக்கும்’ என்று 3 மார்க். அதே விடைக்குக் கடைசி பெஞ்சுக்கு 1. பொதுத்தேர்வில் யார் தாள் என்று தெரியாதபடி டம்மி நம்பர் போடுவது சும்மா இல்லை.

பள்ளித் தேர்வில் தாள் திருத்தும் ஆசிரியர்களும் இதைச் செய்யலாம், காசு செலவில்லை. பெயர் உள்ள பக்கத்தைப் பின்னால் மடித்துவிட்டு விடைத்தாள் கட்டைக் கலையுங்கள். ஒரே தாளை முழுசாகத் திருத்தாமல், 40 பேருடைய 21-வது கேள்வியை முதலில் முடியுங்கள். முதல் விடை பிடித்துப்போனதால் அடுத்ததற்கும் கை தாராளமாவது இதில் குறையும். 22-க்குப் போகுமுன் கட்டை மறுபடி கலைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடியில் கிடக்கும் தாளுக்கு எப்போதும் சலித்த கண்தான். கையெழுத்து ஆளைக் காட்டிக்கொடுக்கும், அதனால் எந்த வரிக்கு எத்தனை மார்க் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

பள்ளியிலேயே போடும் அகமதிப்பீட்டு 10 மார்க்குக்கு மட்டும் இந்த வித்தை பலிக்காது. அங்கே முகம் தெரிந்துதான் மார்க் விழுகிறது.