மைலோ காட்டிய கோலாலம்பூர்

கோலாலம்பூருக்கு வந்து நான் முதலில் எழுத்துக்கூட்டிப் படித்த மலாய் வாக்கியம் "டிலாராங் மெம்பாவா அஞ்சிங்". நாயைக் கொண்டுவரத் தடை. ஒரு பூங்கா வாசலில், சிவப்புக் கோடு போட்ட நாய்ப் படத்துக்குக் கீழே எழுதியிருந்தது. நாய்க் காப்பகத்திலிருந்து மைலோவைக் கூட்டிவந்து நாலாவது நாள் அது. காவலாளி மரியாதையாகத்தான் கையை ஆட்டிச் சொன்னார், ஆனால் ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக அவ்வளவு தூரம் வந்துவிட்டு வாசலோடு திரும்பியதில் என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. மைலோ பாட்டுக்கு வாசல் புல்லை மோந்துகொண்டு நின்றான்.

மதுரையில் எங்கள் தெருவில் நாய்க்கு இடம் தேடிப் பழக்கமே இல்லை. தெருவே அதுங்களுடையதுதான். இங்கே ஒரு நாயை வளர்ப்பது என்றால் வீட்டிலிருந்தே யோசிக்க வேண்டும். நாங்கள் முதலில் இருந்த கொண்டோவில், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பில், நாய் கூடாது என்று விதி, அதனாலேயே தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பக்கம் ஒரு பழைய தரைவீட்டுக்கு மாறினோம். அப்புறம் மாநகர் மன்றத்தில் ஆண்டுதோறும் லைசென்ஸ். நாய்க்கும் லைசென்ஸா என்று ஊரில் அம்மா ஆச்சரியப்பட்டார். எனக்கு அந்தக் காகிதம் கையில் வந்தபோது சந்தோஷமாக இருந்தது. இந்த ஊரில் எங்கள் மூன்று பேர் பெயரும் எங்கேயோ பதிவாகிவிட்ட மாதிரி.

பக்கத்து வீட்டில் ஒரு மலாய்க் குடும்பம். பூனைகள் மேல் உயிராக இருப்பவர்கள். முதல் வாரமே அந்த அக்கா வேலிக்கு அந்தப்புறம் நின்று பொறுமையாக எல்லாம் சொன்னார்: அவர்கள் பின்பற்றும் ஷாஃபி மரபில், ஈரமான நாய் மேலே பட்டுவிட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். அதற்கு 'செர்த்து' என்று பெயர். இதைத் தெரிந்துகொண்டதிலிருந்து எதிரே ஆள் வந்தால் கயிற்றைச் சுருக்கிப் பிடித்து நான் மறுபக்கம் போய்விடுவேன், மழையில் நனைந்த நாளென்றால் இன்னும் தள்ளி. இது பயந்து ஒதுங்குவது இல்லை, ஒரு வீட்டுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றுகிற மாதிரிதான். அந்த வீட்டுப் பையன் இப்போது தினமும் சாயங்காலம் வேலிக்கு அப்பால் நின்று "மைலோ! மைலோ!" என்று கூப்பிடுகிறான், இவன் வாலை ஆட்டுகிற வேகத்தில் பூந்தொட்டிகள் ஆடும்.

வெளியே கிளம்புவதற்கு நேரம்தான் முக்கியம். இங்கே ஏழு மணியை ஒட்டித்தான் விடியும். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி போர்னியோ தீவில் இருக்கும் சபா, சரவாக் மாநிலங்களோடு ஒன்றாக்கியதால் வந்தது இது. ஆக ஆறரைக்கு இருட்டில் கிளம்பினால் ஒன்பதுக்குள் திரும்பிவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் தார்ச் சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள், நம்மால் ஐந்து விநாடி வைக்க முடியாத சூட்டில் நாய் வெறுங்காலோடு நடக்கிறது. சாயங்காலம் என்றால் மழை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் நாலு மணிக்கு மேல் இடி இடிக்காத நாள் குறைவு. ரயிலில் நாயை ஏற்ற முடியாது. கிராப் என்கிற வாடகைக் கார் செயலியில் செல்லப்பிராணிக்கென்றே தனி வண்டி உண்டு, கூடுதலாகச் சில வெள்ளி ஆகும், அவ்வளவுதான். (இங்கே தமிழர் ரிங்கிட்டை வெள்ளி என்கிறார்கள், காரைக் 'காடி' என்கிறார்கள். காடியைக் கேட்டு நான் முதலில் ஊறுகாயை நினைத்தேன்.)

கெப்போங் பக்கம் டேசா பார்க்சிட்டி என்று ஒரு குடியிருப்பு. தனியார் கட்டியது, நடுவில் பூங்காவும் ஏரியும். நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தாராளமாகப் போகலாம். சனி, ஞாயிறு சாயங்காலம் அங்கே போய்ப் பாருங்கள், ஹஸ்கி, பூடில், கோர்கி என்று திருவிழாதான். ஏரியோரக் கடைகளில் வெளி மேசையில் உட்கார்ந்தால் நாய்க்கும் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வந்துவிடும். மைலோ எந்த ஜாதியும் இல்லை, சுருட்டை வால் வைத்த தவிட்டு நிறக் கம்பத்து நாய், அதாவது கிராமத்து நாட்டு நாய். ஆனாலும் அங்கே ஒருவர் விடாமல் குனிந்து அவன் பெயரைக் கேட்டார்கள், பிறகு என் பெயரையும் கேட்டார்கள். வந்து எட்டு மாதமாகியும் அலுவலகத்துக்கு வெளியே யாரோடும் நாலு வார்த்தை பேசியிராத எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களுக்குத் தெரியாது.

இருந்தாலும் எங்களுடைய இடம் புக்கிட் கியாரா என்கிற குன்று. வீட்டிலிருந்து நடந்தே போகலாம். ஒரு காலத்தில் முழுக்க ரப்பர் தோட்டம், பழைய மரங்கள் இன்னும் காட்டுக்குள் வரிசை கலையாமல் நிற்கின்றன. சைக்கிள்காரர்கள் வருவார்கள் என்பதால் வளைவுகளில் மட்டும் கவனம் வேண்டும். மற்றபடி ஈர இலை வாசனையும், எங்கேயோ குரங்கு கிளையை உலுக்குகிற சத்தமும், முன்னால் ஆடிக்கொண்டே போகிற அந்தச் சுருட்டை வாலும்தான். ஒருநாள் கால்வாய் ஓரத்தில் ஆள் நீளத்துக்கு ஒரு உடும்பு. மைலோ ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டான். அது நாக்கை இரண்டு முறை நீட்டி இழுத்துவிட்டுத் தண்ணீருக்குள் சறுக்கிப் போனது. அது போன பிறகும் இரண்டு நிமிடம் அந்தக் காலைக் கீழே வைக்கவில்லை அவன். திரும்பி வந்ததும் விரலிடுக்கு, காதுமடலின் உட்பக்கம் எல்லாம் உண்ணி பார்த்துவிட வேண்டும். வழியில் தேங்கிய தண்ணீரைக் குடிக்கவும் விடக்கூடாது, எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் நாயையும் பிடிக்கும், நம்மையும் பிடிக்கும்.

அந்த மலையடிவாரத்தில்தான் ஒரு தமிழ்ப் பாட்டியைப் பார்த்தோம். ரப்பர் காய் வெடிக்கும் பருவம், மரத்துக்கு மேலே படார் படார் என்று சத்தம் கேட்கும்போதெல்லாம் மைலோ நிமிர்ந்து பார்த்துக் குரைத்தான். "கித்தாக் கொட்டைடா, பயப்படாதே" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ரப்பரை இங்கே கித்தா என்பார்கள். கைலியும் தலையில் துண்டுமாக நின்றார். "பசியாறியாச்சா தம்பி?" என்றார் என்னிடம். காலைச் சாப்பாட்டை இங்கே அப்படித்தான் கேட்பார்கள், எவ்வளவு அழகான சொல். நாயின் பெயரைச் சொன்னேன். "நாய்னா மணிதான்" என்று சொல்லிவிட்டார், அன்றிலிருந்து அவருக்கு இவன் மணி.

அந்தக் கித்தாத் தோட்டத்தில்தான் பாட்டி இளவயதில் பாலெடுக்க மரம் சீவியிருக்கிறார். இருட்டோடு பெரட்டு என்கிற வருகைப் பதிவுக்கு ஓடி, பேர் கூப்பிட்டதும் அவரவர் நிரைக்கு, அதாவது மர வரிசைக்குப் போய்விடுவார்களாம், தோட்டத்து நாய்கள் கூடவே வருமாம், காட்டுப்பன்றி வந்தால் அதுங்கதான் முதலில் சொல்லும். 1980களின் தொடக்கத்தில் அரசு நிலத்தை எடுத்துக்கொண்டபோது தொழிலாளர்களை ருமா பாஞ்சாங் என்கிற நீள வரிசை வீடுகளுக்கு மாற்றியது. தற்காலிகம் என்று சொன்ன வீட்டில் நாற்பது ஆண்டு போய்விட்டது. பக்கத்து ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடி கட்டக் கொடுத்த அனுமதியை 2023 ஏப்ரலில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் ரத்து செய்தது, அந்தப் புல்வெளி தப்பித்தது எங்களுக்கெல்லாம் நிம்மதிதான். ஆனால் இந்த மக்களுக்கு நல்லபடியாக ஒரு நிரந்தர வீடு வேண்டும் என்பதை யாரும் மறந்துவிடக் கூடாது. அந்த மலையில் நடக்கும்போதெல்லாம் எனக்கு இது மனதில் ஓடும்.

பாட்டி ஒரு கொட்டையை எடுத்துக் கல்லில் நாலு தேய் தேய்த்து என் கையில் வைத்தார். சுரீர் என்று சுட்டது. தோட்டத்துப் பிள்ளைகளின் விளையாட்டாம். மைலோ ஓடிவந்து என் உள்ளங்கையை நக்கினான், பாட்டி சிரித்த சிரிப்பில் துண்டு நழுவிக் கீழே விழுந்தது.

போன ஞாயிறு எனக்குக் காய்ச்சல், மனைவி மட்டும் மைலோவைக் கூட்டிப் போனாள். திரும்பி வந்தவள் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே வாழையிலையில் சுற்றிய நாலு இடியாப்பம், தனியாக ஒரு பொட்டலத்தில் உப்புப் போடாமல் வேகவைத்த கோழிக் கழுத்து. "இது உனக்கு இல்லை, மணிக்கு" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.