ஹோனௌனௌவின் இரண்டு படிகள்

முக்குளிக்கப் போன முதல் நாள், காற்றுச் சிலிண்டரை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. ஹவாயின் பெரிய தீவில், கோனா நகருக்குத் தெற்கே இருக்கிறது ஹோனௌனௌ விரிகுடா. அங்கே மணல் கிடையாது. என்றைக்கோ உருகி ஓடிவந்து உறைந்த எரிமலைக் குழம்புதான் கரை. அதன் விளிம்பில் இயற்கையாகவே இரண்டு படிகள் அமைந்திருக்கின்றன. 'டூ ஸ்டெப்' என்று முக்குளிப்பவர்கள் சொல்லும் இடம் இதுதான். படகு வேண்டாம், நடந்துபோய் இறங்கிவிடலாம்.

ஆனால் அது பிப்ரவரி மாதம். வட பசிபிக்கில் எங்கோ தொலைவில் புயல் அடித்தால், சில நாள் கழித்து அதன் அலை இந்தக் கரைக்கு வந்து சேரும். இங்கே காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், அலை மட்டும் வந்துகொண்டிருக்கும். பார்த்த மாத்திரத்தில் கடல் தூங்குவது போல இருந்தது. நான் உடையை மாட்டத் தொடங்கினேன். "அண்ணே, ஒரு கால்மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்ப்போமே" என்றான் கூட வந்த தம்பி. பத்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு அடுத்தடுத்து ஐந்து அலைகள். இரண்டு படிகளும் வெள்ளை நுரைக்குள் மறைந்தன. அந்த நேரத்தில் முதுகில் சிலிண்டரோடு அங்கே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது வயிற்றைக் கலக்கியது.

பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். ஹவாயில் வயதானவர்களை முன்பின் தெரியாவிட்டாலும் 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அது நம் ஊர்ப் பழக்கம் போலவே இருந்ததால் எனக்கும் வாயில் தயக்கமில்லாமல் வந்தது. அவர் சொன்னது இரண்டே விஷயம். கடலுக்கு முதுகைக் காட்டாதே. இங்கே ஆட்கள் 'மூன்றடி அலை' என்றால் ஆறடி என்று எடுத்துக்கொள். பழைய ஹவாய்க் கணக்கு அலையை அதன் முதுகுப்புறத்தில் அளப்பது. நம் முகத்துக்கு நேரே எழும் உயரம் ஏறக்குறைய அதைப் போல இரண்டு மடங்கு.

மறுநாள் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டோம். மறுபடியும் கால்மணி நேரம் உட்கார்ந்தோம். பெரிய அலைக்கூட்டம் எதுவும் வரவில்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்து, காலில் போடும் நீச்சல் துடுப்பான ஃபின்ஸை மாட்டி, முகமூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, தண்ணீர் படிவரை ஏறிவந்த நொடியில் முன்னால் சரிந்தோம். கடலே தூக்கி வாங்கிக்கொண்டது. முக்குளிப்புக் கொடி கட்டிய மிதவையைத் தம்பி இழுத்து வந்தான். சிவப்பில் குறுக்கே வெள்ளைக் கோடு போட்ட அந்தக் கொடி ஹவாயில் சட்டப்படி கட்டாயம்.

இறங்கியதும் எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. முகமூடியில் ஆவி படிந்துவிட்டதோ என்று நினைத்தேன். அது நன்னீர். இந்தப் பக்கத்து எரிமலைப் பாறை முழுக்கத் துளைகள். பெய்யும் மழை ஆறாக ஓடாமல் உள்ளே இறங்கி, கரையோரத்தில் சில்லென்ற ஊற்றாகக் கடலுக்குள் வெளிவருகிறது. உப்புநீரோடு கலக்கும் இடத்தில், கற்கண்டு கரையும்போது தண்ணீர் நெளியுமே, அப்படி நெளிகிறது. ஒன்றிரண்டு மீட்டர் கீழே போனதும் யாரோ கண்ணாடியைத் துடைத்துவிட்டது போலத் தெளிந்தது. ஆறு இல்லாததால் சேறும் வந்து சேர்வதில்லை. நான்காயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த மௌனா லோவா எரிமலை, வடகிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்றையும் தடுத்துவிடுகிறது. இவ்வளவு தெளிந்த நீரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பவளச் சரிவெங்கும் மஞ்சள் டாங் மீன்கள், எலுமிச்சம்பழங்களைக் கொட்டிவிட்டது போல. கிளிமீன்கள் பவளத்தைக் கொறிக்கும் சத்தம், வறுத்த கடலையைக் கடிப்பது போலக் காதில் விழுந்துகொண்டே இருந்தது. பதினைந்து மீட்டர் ஆழத்தில் அதற்கும் பின்னால் இன்னொரு சத்தம் கேட்டது. நீண்ட முனகல், பிறகு கதவுக் கீல் கிரீச்சிடுவது போல ஒரு இழுப்பு. கூன்முதுகுத் திமிங்கிலத்தின் பாட்டு. குளிர்காலத்தில் அலாஸ்காவிலிருந்து குட்டி ஈன இங்கே வருகின்றன. கண்ணுக்கு ஒன்றும் தென்படவில்லை. மூச்சு விட்டால் குமிழிச் சத்தம் மறைத்துவிடுமே என்று ஒவ்வொரு மூச்சையும் மெல்ல, நீளமாக விட்டேன்.

மேலே வந்தபோது சுழல் டால்பின்கள் விரிகுடாவுக்குள் வந்திருந்தன. இரவெல்லாம் ஆழ்கடலில் இரை தேடிவிட்டுப் பகலில் உறங்க வருபவை. 50 கெஜத்துக்குள் நெருங்கக் கூடாது என்று 2021 முதல் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் தூங்குகிறவர்களை எழுப்ப யாருக்கு மனசு வரும்? ஒதுங்கி நீந்தினோம். எதிரே தெரிந்தது புஉஹோனுவா, அந்தக் காலத்து அடைக்கலத் தலம். கபு என்னும் தடைவிதியை மீறியவனுக்கு மரண தண்டனை. பிடிபடாமல் இங்கே வந்து சேர்ந்துவிட்டால் பூசாரி மன்னிப்பு வழங்குவார். பலர் இந்த விரிகுடாவை நீந்தித்தான் வந்தார்களாம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, ஃபின்ஸ் இல்லாமல், அலை பார்க்க நேரமில்லாமல்.

வெளியேறும்போதுதான் தவறு செய்தேன். அலை தூக்கிவிட, படியில் உட்கார்ந்தவன், அவசரத்தில் பாறைப் பிளவில் கையை ஊன்றிவிட்டேன். உள்ளே 'வனா' இருந்தது, நீள முள் கொண்ட கடல் முள்ளெலி. உள்ளங்கையில் நான்கு ஊதாப் புள்ளிகள். அங்கிள் கையை வாங்கிப் பார்த்துவிட்டு, முள்ளைத் தோண்டாதே, உடைந்து உள்ளே போய்விடும் என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை மௌனா கேயா உச்சியில் சூரிய அஸ்தமனம் பார்க்க ஆசைப்பட்டிருந்தோம். 4,200 மீட்டர் உயரம். முக்குளித்த உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன், அந்த உயரத்தின் குறைந்த அழுத்தத்தில் குமிழிகளாகிவிடலாம், அது ஆபத்து. அதனால் போகவில்லை. கரையிலேயே உட்கார்ந்திருந்தோம். இரண்டு மணிக்கு மேல் கடற்காற்று எழுந்தது. நாங்கள் ஏறிவந்த படி நுரைக்குள் போய்ப் போய் வந்தது. அங்கிள் எப்போதோ தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார்.