எட்டு விளக்கும் எரிந்தது

2002-இல் பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்த கையோடு கோவையில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் சேர்ந்தேன். மாதம் 1,800 ரூபாய், பஸ் காசு தனி. பையில் ஸ்க்ரூடிரைவர் செட், கிரிம்பிங் டூல், கேபிள் டெஸ்டர், விண்டோஸ் 98 சிடி. இவற்றோடு ஒரு பெயின்ட் பிரஷும் இருக்கும். பிரஷ் எதற்கு என்பது திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு சர்வீஸ் போனவர்களுக்குத் தெரியும். சிபியூவைத் திறந்தால் உள்ளே தலையணைக்கு ஆகும் அளவுக்குப் பஞ்சு கிடக்கும். அதைத் தட்டிவிட்டு, ரேமைக் கழற்றி, அதன் முனையை அழிரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினால் பாதி மெஷின்கள் எழுந்து உட்கார்ந்துவிடும். முதல் ஆறு மாதம் என் மொத்த வித்தையும் அவ்வளவுதான். வாடிக்கையாளர்கள் என்னை இன்ஜினியர் என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் மறுக்கவில்லை.

அப்படிப்பட்ட ஒரு கம்பெனியில், முன்பக்க ஆபீஸிலிருந்து பின்பக்கத் துணி குடோன் வரை நெட்வொர்க் கேபிள் இழுக்கச் சொன்னார்கள். எண்பது மீட்டர் இருக்கும். நூறு மீட்டருக்குள் இருந்தால் போதும், கவலையில்லை. கடையில் நாங்கள் அண்ணன் என்று கூப்பிடும் சீனியர் அன்றைக்கு வேறு ஊரில் இருந்தார். கேபிள் நுனியில் பிளக்கை அழுத்திப் பொருத்தும் கிரிம்ப் வேலையை நானே செய்தேன். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். ஜோடி ஜோடியாக அடுக்குவதுதானே முறை? வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம், வெள்ளை பிரவுன், பிரவுன். இரண்டு முனையிலும் அதே வரிசை. டெஸ்டரில் செருகினேன். ஒன்றிலிருந்து எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரிந்தன. ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாளே போன் வந்தது. டேலி என்ற கணக்கு மென்பொருளில் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அக்கா. "ஏனுங் தம்பி, குடோன்ல ஸ்டாக் என்ட்ரி போட்டா டேலி அப்படியே நின்னுக்குதுங்க." கோவையிலிருந்து கிளம்பிப் போய்ச் சேர மதியம் ஒரு மணி ஆகிவிட்டது. உட்கார்ந்து பார்த்தால் ஓடுகிறது. டெஸ்டரை எடுத்துக் காட்டினேன். "பாருங்க்கா, எட்டும் எரியுது. கேபிள்ல ஒண்ணுமில்ல." அந்த வாரத்தில் மூன்று தடவை இப்படி. மூன்றாவது தடவை டேலி டேட்டாவே கெட்டுப்போய், ரீரைட் போட்டு மீட்க வேண்டியிருந்தது. அக்கா அப்போதும் பொறுமையாகச் சொன்னார்: "நீங்க சாப்பாட்டு நேரத்துக்கு வர்றீங்க தம்பி. அப்ப நல்லாத்தான் போகுதுங்க. மெஷின் ஓடறப்ப வந்து பாருங்களேன்."

காதில் வாங்கவில்லை. பனியன் மெஷினுக்கும் டேலிக்கும் என்ன சம்பந்தம் என்று உள்ளுக்குள் சிரித்தேன். ஏதோ ஒரு குருட்டு யோசனையில் நெட்வொர்க் கார்டின் வேகத்தை நூறு மெகாபிட்டிலிருந்து பத்துக்கு இறக்கி வைத்தேன். நிற்பது நின்றது. சரி செய்துவிட்டேன் என்று நானே நம்பினேன். மாதக் கடைசியில் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தபோது அது மாட்டுவண்டி வேகத்தில் நகர்ந்தது. முதலாளி கடைக்கே போன் செய்தார்.

இந்த முறை அண்ணன் வந்தார். டெஸ்டரைத் தொடவே இல்லை. கேபிளின் நுனியிலிருந்த கண்ணாடிப் பிளக்கை டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்து ஒரு பார்வை பார்த்தார். "யார்றா இதை இவ்ளோ அழகா அடுக்குனது?"

பிறகு குடோன் தரையிலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளிலும் போவது ஒரே சிக்னல்தான், ஒன்று நேராக, மற்றது தலைகீழாக. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டையும் ஒரே அளவில் தாக்கும். மறுமுனையில் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் அடிபட்டுப் போகும். முறுக்கியிருப்பது அதற்காக. நெட்வொர்க் கார்டு ஒரு ஜோடியாக எடுத்துக்கொள்வது மூன்றாவது பின்னையும் ஆறாவது பின்னையும். என் வரிசையில் மூன்றில் வெள்ளைப் பச்சை, ஆறில் நீலம். அதாவது இரண்டு வெவ்வேறு முறுக்கிலிருந்து ஆளுக்கு ஒரு கம்பி. கரண்ட் போகிறதா என்று மட்டும் பார்க்கும் இருநூறு ரூபாய் டெஸ்டருக்கு இது தெரியாது. எட்டும் எரியும். ஆனால் பக்கத்தில் மோட்டார் ஓட ஆரம்பித்தால் அந்தக் கேபிளில் இரைச்சல்தான் மிஞ்சும். நடுவிலுள்ள நான்கையும் ஐந்தையும் நீலத்துக்கு விட்டு, பச்சையை அதன் இரண்டு பக்கமும் பிரித்து வைப்பதுதான் முறை. டெலிபோன் பிளக்கில் லைன் வருவது நடு இரண்டு பின்களில். அந்தப் பழைய வழக்கத்துக்கு இடம் விட்டதால் வந்த கோணல் அது. புத்தகத்தில் படித்திருந்தேன், காரணம் தெரியாததால் ஒட்டவில்லை.

இரண்டு முனையையும் வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்யப் பத்து நிமிடம் ஆனது. கார்டை நூறுக்கே மாற்றினோம். மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அக்கா என்ட்ரி போட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. டீ வாங்கி வரச் சொன்னார்.

2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் வைரஸ் வந்தது. ஒரு நிமிடத்தில் மெஷின் அணைந்துவிடும் என்று திரையில் எண்ணிக்கை ஓடும், சொன்னபடியே அணையும். அது நுழையும் ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை இறக்குவதற்காக நெட்டை மாட்டினால் அதற்குள்ளேயே மறுபடி தொற்றிக்கொள்ளும். பேட்சை சிடியில் எழுதிக்கொண்டு, போன இடமெல்லாம் முதலில் கேபிளைப் பிடுங்கிவிட்டுத்தான் உட்கார்ந்தோம். அந்த மாதம்தான் எனக்கு நெட்வொர்க்கிங் மேல் பிடிப்பு வந்தது. சிசிஎன்ஏ என்ற நெட்வொர்க்கிங் சான்றிதழுக்குப் படித்தேன். கேள்வித்தாள் டம்ப்பை மனப்பாடம் செய்து தேறியவர்கள் என்னைவிட நல்ல மார்க் எடுத்தார்கள், நல்ல வேலைக்கும் போனார்கள். அதில் இன்னும் கொஞ்சம் எரிச்சல் உண்டு, மறைக்கவில்லை. நான் 2007-இல் சென்னைக்கு வந்தேன். பெயின்ட் பிரஷ் போய் ரூட்டர் வந்தது. நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் ஷிப்ட் வேலை, ஏசி அறை, சுவர் முழுக்கத் திரை. கிளை அலுவலகங்களெல்லாம் அதில் பச்சைப் புள்ளிகள்.

அங்கே நாலு வருடம் கழித்து ஒரு நாள், டெல்டா பக்கக் கிளை ஒன்றிலிருந்து பில்லிங் பார்க்கும் பெண்மணி காலையிலிருந்து திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மெயின் லைன் அறுந்து, கிளை பிராட்பேண்டில் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் பச்சை. பதில் வருகிறதா என்று பார்க்க அனுப்பும் பிங் ஒன்றுகூடத் தவறவில்லை. எங்கள் பையன்கள் புகார் டிக்கெட்டை இரண்டு தடவை மூடியிருந்தார்கள், காரணம் 'யூசர் தவறு'. மூன்றாவது தடவை போனை நானே எடுத்தேன். எடுத்தவன் சொன்ன முதல் வாக்கியம்: "மேடம், நெட்வொர்க் நல்லாத்தான் இருக்கு."

சொல்லி முடிக்கும்போதே குடோன் ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எப்ப எப்ப நிக்குது மேடம்?" என்று கேட்டேன்.

"சின்ன பில் போயிடுது சார். பத்துப் பதினைஞ்சு அயிட்டம் சேர்ந்தா நின்னுடுது."

விண்டோஸ் சும்மா அனுப்பும் பிங்கில் இருப்பது 32 பைட். அது எந்தச் சந்துக்குள்ளும் நுழைந்துவிடும். கருப்புத் திரையைத் திறக்கச் சொல்லி, எஃப் ஃபார் ஃபாதர், எல் ஃபார் லண்டன் என்று எழுத்தெழுத்தாகச் சொல்லி, வழியில் துண்டாக்கக் கூடாத பெரிய பிங் போட வைத்தேன். 1472 போட்டால் பதில் இல்லை. 1464 போட்டால் வந்தது. பிங்கோடு தலைப்பு விவரமாக 28 பைட் சேரும், ஆக முதலாவது 1500, இரண்டாவது 1492. அந்த பிராட்பேண்டில் டேட்டா போகும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் எட்டு பைட்டை இணைப்பே எடுத்துக்கொள்கிறது. 1500 போக வேண்டிய இடத்தில் 1492 தான் போகும். பாக்கெட் பெரிதாக இருந்தால், சின்னதாக்கி அனுப்பு என்று ரூட்டர் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. அந்தச் செய்திகளை அனுப்பாதே என்று ரூட்டரில் ஒரு வரி இருந்தது. செக்யூரிட்டி செக்லிஸ்டைப் பார்த்து ஆறு மாதம் முன்பு அந்த வரியைப் போட்டவன் நான்தான்.

வரியை எடுத்தேன். ஒரு பாக்கெட்டில் போகும் டேட்டாவின் உச்ச அளவை, அதாவது டிசிபி அளவை, 1452-க்குக் குறைத்தேன். டிக்கெட்டில் 'யூசர் தவறு' என்பதை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். பிறகு பெரிய பில் ஒன்று போட்டுப் பார்க்கச் சொன்னேன். பிரின்டர் ஓடும் சத்தம் போனிலேயே கேட்டது.

"பெரிய பில்லு மட்டும் நிக்குதுன்னு இதைத்தானே சார் காலையிலேர்ந்து சொல்லிட்டிருக்கேன்" என்றார்.