லேபிள் ஒவ்வொன்றும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லட்டும்

"அண்ணா, இதற்கு ‘அவசரம்’ போடவா, ‘உயர் முன்னுரிமை’ போடவா, ‘பி1’ போடவா?" என்று குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் இன்று காலை ஒரு பிழைப் பதிவைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டார்.

பதிவுகளை வகைப்படுத்த ஒட்டும் குறிச்சொற்களான லேபிள்களின் எங்கள் பட்டியலில் மூன்றும் இருந்தன. மூன்றுக்கும் மூன்று நிறங்கள்.

நிரல் திட்டங்களைச் சேமித்து நிர்வகிக்கும் தளமான கிட்ஹப்பில் புதிய களஞ்சியம் (ஒரு திட்டத்துக்கான இடம்) தொடங்கினால் சில லேபிள்கள் தாமாகவே வந்துவிடுகின்றன. அவற்றில் ‘பக்’ (பிழை) என்பது வகையைச் சொல்கிறது, ‘டூப்ளிகேட்’ (ஏற்கெனவே பதிவானது) என்பது முடிவைச் சொல்கிறது, ‘ஹெல்ப் வாண்டட்’ உதவிக்கு ஆள் தேடுகிறது. சிறிய திட்டத்துக்கு இந்தக் கலவை போதும். பதிவுகள் பெருகும்போது போதாது.

குபர்நெட்டிஸ் என்ற திறந்த மூல மென்பொருள் திட்டத்தினர் இதற்காக லேபிள் பெயருக்கு முன்னொட்டு வைத்தார்கள்: ‘கைண்ட்/’ என்றால் வகை, ‘ஏரியா/’ என்றால் பகுதி, ‘பிரையாரிட்டி/’ என்றால் முன்னுரிமை. ரஸ்ட் நிரல் மொழித் திட்டத்தில் அதே வேலையை ‘ஏ-’ (பகுதி), ‘சி-’ (வகை), ‘பி-’ (முன்னுரிமை) என்ற ஒற்றை எழுத்துகள் செய்கின்றன. கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லாபின் இரட்டை முக்காற்புள்ளி (::) லேபிள்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. ஒரு பதிவில் ‘முன்னுரிமை::உயர்வு’ இருக்கும்போது ‘முன்னுரிமை::தாழ்வு’ சேர்த்தால் பழையது தானாகவே விலகிவிடுவதால், முரண்பட்ட இரண்டு ஒரே பதிவில் தங்க வழியே இல்லை.

நிறத்தையும் முன்னொட்டு வாரியாகத்தான் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் நிற வேறுபாடு தெரியாதவர்களும் நம்மோடு வேலை செய்கிறார்கள் என்பதால், பெயரே பொருளைச் சொல்லிவிட வேண்டும்.

பட்டியலைச் சீரமைப்பவர்களுக்கு ஒன்று: கிட்ஹப்பில் லேபிளின் பெயரை மாற்றினால் பழைய பதிவுகளிலும் அது மாறிவிடும், நீக்கினாலோ அவற்றிலிருந்தும் மறைந்துவிடும், ஆகவே முதலில் பதிவுகளைப் புதிய லேபிளுக்கு மாற்றிவிட்டு, பிறகு பழையதை நீக்குங்கள்.