மகளின் மாறுகண் அறுவை: கத்தியைவிட மயக்க மருந்துக்குத்தான் பயந்தேன்

முதலில் குறித்த தேதி ரத்தானது. நாலு நாள் முன்பு பாலர் பள்ளியிலிருந்து சளியோடு வந்தாள், சளி பிடித்த பிள்ளைக்கு மயக்கம் கொடுத்தால் தொண்டை இறுகி மூச்சு அடைக்கலாம், சில வாரம் பொறுங்கள் என்றார் மயக்க மருத்துவர். லீவு வீணானதில் எரிச்சல்தான், ஆனால் அவர் சொன்னது சரி.

இரண்டாம் முறை காலை 8.30க்கு. சாப்பாடு, பால் 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். விடியற்காலையில் என் அம்மா மைலோ கலக்கிக்கொண்டு வந்து, "தண்ணி மாதிரிதானடா, ஒரு வாய் குடிக்கட்டும்" என்கிறார். மைலோ பால் கணக்கில் சேரும், வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். கோப்பையைப் பிடுங்கினேன், அன்று முழுக்க அம்மா என்னோடு பேசவில்லை.

ஆடும் பல் இருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று கேட்டார்கள். கண் தசையை இழுக்கும்போது சில பிள்ளைகளுக்கு இதயத் துடிப்பு சட்டென்று குறையும், உடனே இழுப்பதை நிறுத்துவோம், மருந்தும் தயாராக இருக்கும் என்றார் மருத்துவர். இதை மனைவியிடம் சொல்லவில்லை (இப்போது படித்திருப்பாள்).

ஊசி குத்த வேண்டியிருந்தால் வலிக்காமலிருக்கப் புறங்கையில் மரத்துப்போகும் கிரீம் தடவி ஒட்டியிருந்தார்கள், அதைப் பிய்ப்பதிலேயே குறியாக இருந்தாள். கடைசியில் ஊசி இல்லை, முகமூடி வழியாகத்தான் மயக்க வாயு கொடுத்தார்கள். நான் மட்டும் உள்ளே போனேன். மூன்று நான்கு மூச்சில் கண் மேலே செருகி, கைகால் உதறியது. இப்படி ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், இருந்தும் தாதி என் தோளைத் தொட்டு வெளியே அனுப்ப வேண்டியிருந்தது.

விழிக்கும்போது என்ன ஆகும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அதுதான் என் குறை. என்னையே அடையாளம் தெரியாமல் உதைத்து, அலறி, கையிலிருந்த குழாயைப் பிடுங்கப் பார்த்தாள், கண்ணிலிருந்து இளஞ்சிவப்பாக நீர் வழிகிறது. வலி என்று நினைத்துப் பதறினேன், மயக்கம் தெளியும்போது சின்னப் பிள்ளைகளுக்கு வரும் குழப்பமாம். இருபது நிமிடத்தில் தூங்கிப்போனாள், எழுந்ததும் மைலோ கேட்டாள்.

வாந்திக்கு மருந்து கொடுத்திருந்தும் டாக்ஸியில் இரண்டு தடவை எடுத்தாள், மாறுகண் அறுவைக்குப் பிறகு இது சகஜமாம். பிளாஸ்டிக் பை இரண்டு மூன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றுதான் வைத்திருந்தேன்.