மாலைப்போதில் ஒரு மயிர்

மார்ச் 4, செவ்வாய்
அம்மாவுக்கு இரண்டாவது கீமோ. ஐந்து மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. பையில் மணிமேகலை மட்டும் இருந்தது. வஞ்சி நகரில் சமயவாதிகள் பேசும் காதையைப் பிரித்தேன். ஆசீவகம் என்ற பழஞ்சமயத்தைச் சேர்ந்த ஆசீவகர் அணுவைப் பற்றிச் சொல்லும் இடத்தில் நின்றுவிட்டேன்.

மார்ச் 5
தலையணை உறையெல்லாம் முடி. அம்மா எழுவதற்குள் உதறிவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி
தூக்கம் வரவில்லை. ஆசீவகர் சொல்வதில், உயிரும் நிலம், நீர், தீ, காற்று என்ற நால்வகை அணுவுமாகப் பொருள் ஐந்தாம். அணுவுக்கு ஆதி இல்லை, சிதைவும் இல்லை. நீரணு நிலவணுவாக மாறாது. ஒன்று இரண்டாகப் பிளக்காது, அவல் போலத் தட்டையாகவும் ஆகாது. அவல்! சொன்னவர் அவல் இடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். பல கூடி மலையாகும், பிறகு பிரிந்து தத்தம் தன்மைக்கே திரும்பும்.

பிரிந்து. அந்தச் சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை.

மார்ச் 8
அவல் உப்புமா செய்தேன். இரண்டு கரண்டி சாப்பிட்டாள்.

மார்ச் 11, செவ்வாய்
தம்பி போனில், "அக்கா, அணுவை நம்மாளுங்க அப்பவே கண்டுபிடிச்சிட்டாங்க" என்றான். கோபம் வந்தது. அணுக்கள் ஒன்று, முக்கால், அரை, கால் என்ற அளவில் சேரும், மிகுந்ததன் பெயரே பொருளுக்கு வரும் என்று காதை சொல்வது உண்மைதான். ஆனால் 1808இல் நூல் எழுதிய வேதியியலாளர் டால்டன் எடைக் கணக்குகளை வைத்துப் பேசினார். 1827இல் தாவரவியலாளர் பிரவுன் நுண்ணோக்கியில் பார்த்த, நீரில் மிதக்கும் துகள்களின் நடுக்கத்துக்கு 1905இல் ஐன்ஸ்டைன் கணக்குச் சொன்னார், இயற்பியலாளர் பெரென் அளந்து காட்டினார். அதையெல்லாம் ஆசீவகர் தலையில் ஏற்றினால் அவர் சொன்னது காதில் விழாமலே போய்விடும்.

ஓர் அணுவைத் தெய்வக்கண் உள்ளவரே காண்பார் என்கிறார். மாலைப்போதில் ஒற்றை மயிர் தெரியாது, திரண்டு கிடந்தால் தெரியும். மற்றவர்களுக்கு அணுவும் அப்படித்தானாம்.

அம்மாவின் தலையணையை நான் ஏன் சாயங்காலத்தில் பார்ப்பதில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

மார்ச் 12
"எங்கே வலிக்குதும்மா?"
"எங்கேன்னு சொல்ல? எல்லா இடத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா இருக்குடி."
இன்பமும் துன்பமும்கூட அணு எனத் தகும் என்கிறது காதை.

மார்ச் 15, சனி
பழைய கிரேக்கத் தத்துவஞானி டெமாக்ரிட்டஸுக்கு உயிரே அணுக்கள்தான். உருண்டையானவை, தீயைப் போன்றவை. மூச்சு உள்ளே வந்துகொண்டிருக்கும்வரை அவை வெளியே போகாது. நின்றால் சிதறிவிடும். அவரை இனி இரவில் படிக்கக் கூடாது.

அம்மாவின் மூச்சு, நிமிடத்துக்குப் பதினெட்டு. மறுபடி எண்ணினேன். பதினெட்டு.

மார்ச் 16
மொட்டை அடித்துவிடச் சொன்னாள். நானே அடித்துவிட்டேன். கற்றையைக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். நாளை பத்தரைக்கு ஸ்கேன்.