ஹாலோபெரிடால் வகை மருந்துகள்: எந்தத் தொல்லை எப்போது வரும்?

பழைய மனநோய் மருந்துகள் எல்லாமே கடைசியில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. மூளையில் டோபமைன் என்ற தூது ரசாயனம் வந்து உட்கார வேண்டிய டி-2 ஏற்பியில் தாங்கள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. ஸ்கேன் ஆய்வுகள் சொல்லும் கணக்குப்படி, ஏற்பிகளில் சுமார் 65 விழுக்காடு அடைபட்டால் காதில் குரல் கேட்பதும் சந்தேகமும் தணியத் தொடங்கும். 80ஐ நெருங்கினால் கை கால் இறுகும், நடுங்கும். நடுவில் இருக்கும் இடம் அவ்வளவுதான். ஹாலோபெரிடால் நாளைக்கு 2, 3 மி.கி.யிலேயே பலருக்கு அந்த இடத்தைத் தொட்டுவிடும். 20 மி.கி. எழுதினால் பெரும்பாலும் கூடுவது பலன் அல்ல, பக்க விளைவு.

மருந்துக்கு மூளையின் பகுதிகளைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஒரு பாதையில் டோபமைனை அடைத்தால் பிரமை அடங்குகிறது. அசைவைக் கட்டுப்படுத்தும் பாதையிலும் அதே அடைப்பு விழுவதால் தசை முரண்டு பிடிக்கிறது. பிட்யூட்டரி சுரப்பியில், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனுக்குக் கடிவாளம் போடுவது டோபமைன்தான். கடிவாளம் அறுந்தால் மாதவிலக்கு நிற்கும், மார்பில் பால் சுரக்கும், ஆண்களுக்குப் பாலுணர்வு குறையும். இதையெல்லாம் நோயாளி தானாக வாய் திறந்து சொல்வது அபூர்வம். கேட்டால்தான் தெரியும்.

வீரியம் என்ற சொல் பலரைக் குழப்புகிறது. 100 மி.கி. குளோர்புரோமசின், 2 மி.கி. ஹாலோபெரிடால், 5 மி.கி. டிரைஃப்ளூபெரசின் மூன்றும் ஏறக்குறைய ஒரே பலன் தரும். வீரியம் கூடிய மருந்து நோயை அதிகம் குணமாக்கும் என்று பொருள் இல்லை, குறைந்த மி.கி.யில் அதே வேலையைச் செய்யும், அவ்வளவே. வித்தியாசம் பக்க விளைவில்தான். ஹாலோபெரிடால் தசையைப் பிடிக்கும். குளோர்புரோமசின் தூக்கம், வாய் வறட்சி, மலச்சிக்கல், எழுந்து நின்றால் தலைசுற்றல் என்று வேறு வழியில் தொல்லை தரும்.

தசைத் தொல்லைகளை அடையாளம் காண, அறிகுறியோடு நாட்காட்டியையும் பார்க்க வேண்டும்.

முதலில் வருவது டிஸ்டோனியா. மருந்து தொடங்கி, அல்லது டோஸ் ஏற்றி, பெரும்பாலும் முதல் 4, 5 நாட்களுக்குள் வந்துவிடும். கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்ளும், நாக்கு தடித்தது போலாகிப் பேச்சு குழறும், கண்விழிகள் மேலே ஏறி அப்படியே நின்றுவிடும். இளம் ஆண்களுக்கு அதிகம். பார்க்கிறவர்கள் வலிப்பு என்பார்கள், நடிப்பு என்பார்கள். ஆனால் நினைவு தெளிவாக இருக்கும், வலியும் இருக்கும். புரோமெத்தசின் 25 முதல் 50 மி.கி. தசையில் போட்டால் பொதுவாக 20, 30 நிமிடங்களில் இளகும். அத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவதுதான் தவறு. ஹாலோபெரிடால் உடலில் அதைவிட நீண்ட நேரம் தங்கும். ஊசியின் வேகம் குறைந்ததும் கழுத்து மறுபடி திருகும். அதனால் டிரைஹெக்சிஃபெனிடில் போன்ற முறிமருந்து மாத்திரையைச் சில நாட்களாவது தொடர வேண்டும். குரல்வளையைப் பிடித்து மூச்சு இழுத்தால் அது அவசர சிகிச்சை, ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடும் புரோகுளோர்பெரசினும் இதே கோணலைக் கொண்டுவரும். மனநோய் மருந்தே சாப்பிடாதவருக்குக் கழுத்து திருகினால் முதலில் இவற்றைத்தான் விசாரிக்க வேண்டும்.

அடுத்து அகதீசியா. அதிகம் கோட்டை விடுவது இதில்தான். நாட்களிலோ சில வாரங்களிலோ வரும். உட்காரச் சொன்னால் உட்காருவார், அரை நிமிடத்தில் எழுந்துவிடுவார். நிற்கும்போது பாரம் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டே இருக்கும். வீட்டில் இருப்பவர்கள் "நோய் முற்றிவிட்டது" என்பார்கள், டோஸ் ஏறும், நடை இன்னும் கூடும். "மனசு பதறுகிறதா, இல்லை காலைச் சும்மா வைக்க முடியவில்லையா?" என்று நேராகக் கேளுங்கள்; பாதி விடை அதிலேயே வந்துவிடும். மீதி, டோஸ் ஏற்றிய தேதியிலிருந்து எண்ணினால் வரும். முதல் வேலை டோஸைக் குறைப்பது. பிறகு புரோபிரனலால், நாளைக்கு 30 முதல் 80 மி.கி. வரை, ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகாது. டிரைஹெக்சிஃபெனிடில் இங்கே பெரிதாக உதவாது. தாங்க முடியாத அகதீசியா தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோகும் என்பதால் இதைச் சின்னத் தொல்லை என்று ஒதுக்கவே கூடாது.

பார்க்கின்சன் போன்ற இறுக்கமும் நடுக்கமும் வாரங்களில் வரும். முகம் உணர்ச்சியற்றுப் போவதைப் பார்த்து மனச்சோர்வு என்று முடிவுகட்டுவதும் உண்டு.

டார்டிவ் டிஸ்கைனீசியா மாதங்கள், ஆண்டுகள் கழித்து வரும். முதியவர்களுக்குச் சீக்கிரமே வரலாம். வாய் மெல்லும், நாக்கு உள்ளே நெளியும். சோதிக்க எளிய வழி உண்டு. சூயிங்கம் இருந்தால் துப்பச் சொல்லிவிட்டு, வாயைத் திறந்து நாக்கைச் சும்மா வைக்கச் சொல்லுங்கள். பிறகு கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாக வேகமாக 10, 15 விநாடி தட்டச் சொல்லுங்கள். பார்வை விரல்களில் இருக்க வேண்டாம், முகத்திலும் காலிலும் இருக்கட்டும். அவர் கவனம் விரலுக்குப் போனதும் மறைந்திருந்த அசைவு வெளிவரும். நெடுநாள் அடைபட்ட ஏற்பிகள் மிகையாக உணரத் தொடங்கிவிடுவதே காரணம் என்பது வழக்கமான விளக்கம். அதனால்தான் டோஸ் ஏற்றினால் அசைவு ஒளிந்துகொள்கிறது, குறைத்தால் வெளிப்படுகிறது. டிஸ்டோனியாவுக்குக் கைகொடுத்த டிரைஹெக்சிஃபெனிடில் இதை மோசமாக்கும். ஆண்டுக்கணக்கில் காரணம் கேட்காமல் அந்த மாத்திரையை எழுதிக்கொண்டே போவது சோம்பல் என்றுதான் சொல்வேன். மறதியும் மலச்சிக்கலும் அதன் உபரி. டார்டிவ் டிஸ்கைனீசியாவுக்குக் கொடுக்கும் வால்பெனசினும் டியூடெட்ராபெனசினும் 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

காய்ச்சல், இரும்புக் குழாய் போல விறைத்த உடல், குழம்பிய நினைவு, ஏறி இறங்கும் ரத்த அழுத்தம் எல்லாம் சேர்ந்து வந்தால் நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சின்ட்ரோம் என்ற, உயிருக்கே ஆபத்தான மருந்து விளைவு என்று கொள்ள வேண்டும். மருந்தை அப்போதே நிறுத்தி மருத்துவமனைக்கு. ரத்தத்தில் சி.கே. என்ற தசை நொதியின் அளவு எகிறியிருக்கும்.

குளோர்புரோமசினுக்குத் தனிக் கணக்கு. வெயிலில் தோல் சட்டென்று கருகும், சிலருக்கு மஞ்சள் காமாலை வரும். ரத்த நாளத்தைச் சுருக்கும் ஆல்ஃபா ஏற்பிகளையும் அது அடைப்பதால் ரத்த அழுத்தம் விழும். விழுந்த அழுத்தத்தைத் தூக்க அட்ரினலின் போட்டால் இன்னும் விழும்: ஆல்ஃபா அடைபட்டுக் கிடக்க, நாளத்தை விரிக்கும் பீட்டா வேலை மட்டும் நடக்கும். நோரட்ரினலின்தான் சரி. தியோரிடசின் என்ற இன்னொரு பழைய மருந்திடம் தசைத் தொல்லை குறைவு, ஏனென்றால் முறிமருந்தின் குணம் அதற்குள்ளேயே இருந்தது. ஆனால் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கியது. நாளைக்கு 800 மி.கி.க்கு மேல் போனால் விழித்திரையையும் கெடுத்தது. 2005இல் அதன் மூல நிறுவனம் உலகெங்கும் திரும்பப் பெற்றது.

ஃப்ளூஃபெனசின் டெகனோயேட், ஹாலோபெரிடால் டெகனோயேட் என்ற நீண்டகால ஊசிகள் நல்லெண்ணெயில் கரைத்தவை. எள் ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். ஊசியும் சிரிஞ்சும் உலர்ந்திருக்க வேண்டும், ஈரம் பட்டால் மருந்து கலங்கும். புட்டத்துத் தசையில் ஆழமாக, தோலைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் செலுத்தினால் எண்ணெய் வெளியே கசியாது. ஃப்ளூஃபெனசினில் முதலில் 12.5 மி.கி. சோதனை டோஸ். ஹாலோபெரிடாலில் மாத்திரையைக் கொடுத்துத் தாங்குகிறாரா என்று பார்த்த பிறகே ஊசி. முதல் ஊசி 100 மி.கி.க்கு மேல் கூடாது. அதன் அரை ஆயுள், அதாவது உடலில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 3 வாரம். எனவே தொல்லை வந்து ஊசியை நிறுத்தினாலும் தசைப்பிடிப்பு அடுத்த வாரமே போய்விடாது, முறிமருந்தை மாதக்கணக்கில் கொடுக்க வேண்டி வரலாம். கடைசி ஊசி போட்ட தேதியை வீட்டிலும் எழுதி வைத்திருந்தால், பிறகு பார்க்கிற மருத்துவருக்கு அது பெரிய உதவி.